கணிப்பொறியின் இரைச்சலும் பாட்டியின் காதும்



மாலை ஆறு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிடும் எங்கள் ஏற்காட்டில், இரவில் வீட்டுக்குள் கேட்கும் ஒலிகள் மிகச் சில. வெளியே சில்வண்டு, அடுப்பங்கரையில் பாத்திரம், தகரக் கூரையில் மழை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது. காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் எங்கள் அப்பா, வேலைக்காக ஒரு சிறிய கணிப்பொறியை யாரோ பயன்படுத்திய நிலையில் வாங்கி வந்தார். கேபினெட் என்னவோ ஒரு பிஸ்கட் டின்னைவிடச் சற்றே பெரியது. அதன் ஓசையோ மாவு மில்லை நினைவூட்டியது!

அக்காள், தங்கையராகிய எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. பாதிக்கப்பட்டவர் பாட்டி. அவர் காதுக் கருவி அணிபவர். அவருடையது எளிய வகைக் கருவி. அது பேச்சை மட்டும் பொறுக்கி எடுக்காது. அருகில் இரைவதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காதில் கொட்டும். ஆகவே அப்பா கணிப்பொறியை இயக்கியதும், பாட்டி கருவியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். அதன்பின் சாப்பாட்டு நேரம் வரை நாங்கள் எது கேட்டாலும் பதில் வராது. இரண்டு மாதம் சென்றபின் அம்மாதான், "அத்தை பேசறதையே விட்டுட்டாங்க, கவனிச்சீங்களா?" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. அன்றுதான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினோம்.

முதலில் செய்தது முட்டாள்தனம். இரைவது விசிறிதானே என்று, பின்பக்க விசிறியின் இணைப்பைக் கழற்றிவிட்டோம். வீடு அமைதியாயிற்று. பாட்டியும் இரண்டு கதைகள் சொன்னார். மறுநாள் மாலை, அப்பா வாரக் கூலிப் பட்டியலைப் பாதி அடித்துக்கொண்டிருக்கையில், பெட்டி தானாகவே அணைந்துவிட்டது. உள்ளே சூடு அளவு மீறினால் பிராசசர் கருகிவிடாமலிருக்க அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். பட்டியலில் பாதி போயிற்று. அப்பா எங்களைத் திட்டவில்லை. திரும்ப முதலிலிருந்து அடித்தார். அதுதான் எங்களுக்கு அதிக வருத்தம். அடுத்து, உட்சுவர்களில் ஸ்பாஞ்சு ஒட்டினோம். சூடு வெளியேற வழியின்றி, விசிறிகள் முன்னைவிட வேகமாகச் சுழன்றன!

ஆக, சூட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று புரிந்தது. கணிப்பொறி வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. 65 வாட் வெப்பத்தை, காற்று 10 டிகிரி மட்டும் சூடேறும்படி வெளியேற்ற வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். கடற்கரை ஊரில் வினாடிக்குச் சுமார் 5.4 லிட்டர் காற்று போதும். சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 6.4 லிட்டர் தேவை. ஏனெனில் மலைக் காற்று மெலிந்தது. 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று கடல்மட்டத்தில் சுமார் 1.2 கிலோ, நம் மலையில் சுமார் 1 கிலோதான். ஆனால் நமக்கு ஓர் ஆதாயமும் உண்டு. சேலத்தில் 37, 38 டிகிரி கொளுத்தும் நாளிலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் 30 டிகிரியைத்தான் ஒட்டியிருக்கும். உள்ளே போகும் காற்றே குளிர்ந்திருப்பதால், மெலிந்த காற்றின் குறை ஈடாகி மீதமும் இருக்கிறது.

பிறகு, இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்று தேடினோம். 1816இல் லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர், ஒரு நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்கக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டினார். ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. நாங்களும் பழைய செய்தித்தாளைச் சுருட்டி, மூடிய பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் வைத்துக் கேட்டோம். அக்காள் கேட்க, நான் எழுதினேன். பின்பக்கத்து 80 மில்லிமீட்டர் விசிறிதான் முதற் குற்றவாளி. பயாஸ் திரையில் அதன் வேகம் நிமிடத்துக்கு 2700 சுற்று என்றிருந்தது. அதாவது வினாடிக்கு 45 சுற்று. அதற்கு ஏழு இறக்கைகள். 45ஐ 7ஆல் பெருக்கினால் 315. வினாடிக்கு 315 அதிர்வு கொண்ட அந்த ஒரே சுருதிதான் பாட்டியின் காதில் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது.

மேசையும் குற்றவாளிதான் என்பது எதிர்பாராதது. தகரத்தில் நேராகத் திருகப்பட்ட விசிறி தகரத்தை அதிரச் செய்கிறது. தகரம் மேசைப் பலகையை அதிரச் செய்கிறது. வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி, எங்கள் மேசை அந்த இரைச்சலுக்குக் குடமாகியிருந்தது. பெட்டியைத் தூக்கித் தலையணைமேல் ஒரு நிமிடம் வைத்தபோது ஓசை சட்டென்று தாழ்ந்தது. (தலையணையில் வைத்தே ஓட்டக்கூடாது, காற்று வரும் துளைகள் அடைபட்டுவிடும்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தோம். ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. மூடுபனியின் ஈரம் பட்ட தூசி வெறுமனே உதிராது. பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் துடைத்தோம். இறக்கைகளில் ஒரு பக்கம் மட்டும் தூசி கனத்தாலும் விசிறி தடுமாறி அதிரும். துடைக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். உலர்ந்து பொடியாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டு, பட்டாணி அளவு புதியதை அப்பா வைத்தார். பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய டியூபிலிருந்து வளையங்கள் வெட்டி, விசிறிக்கும் தகரத்துக்கும் இடையே கொடுத்தோம். பெட்டியின் நான்கு கால்களுக்கும் அதே டியூப்தான். செலவு ஒன்றுமில்லை.

செலவு வைத்தது ஒரே ஒரு பொருள். பக்கத் தகட்டில் 120 மில்லிமீட்டர் விசிறிக்கான துளைகள் முதலிலிருந்தே காலியாக இருந்தன. சேலத்திலிருந்து அந்த அளவில் ஒன்று வாங்கி, காற்றை உள்ளே தள்ளும்படி பொருத்தினோம். ஒரே வடிவமுள்ள விசிறிகளில், காற்றின் அளவு வேகத்தோடு நேராகவும், விட்டத்தோடு மும்மடியாகவும் கூடும். 120ஐ 80ஆல் வகுத்தால் 1.5, அதன் மும்மடி 3.375. 2700ஐ 3.375ஆல் வகுத்துப் பாருங்கள், 800 வரும். சிறியது 2700 சுற்றில் தள்ளும் காற்றைப் பெரியது 800 சுற்றில் தள்ளிவிடும்! கணக்கு எவ்வளவு அழகாக வந்துவிட்டது என்று குதித்தோம்.

ஆனால் பொருத்தியதும் சூடு நாங்கள் நினைத்த அளவு குறையவில்லை. மெல்லச் சுழலும் பெரிய விசிறி காற்றை நிறைய தருமேயொழிய, அதை அழுத்தித் தள்ளும் வலு அதற்குக் குறைவு. மேற்சொன்ன கணக்கிலேயே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. வழியில் தடை இருந்தால் அது தோற்றுப்போகும். உள்ளே பார்த்தால், ஒயர்கள் நூல்கண்டு அவிழ்ந்ததுபோல் காற்று போகும் பாதையில் கிடந்தன! அவற்றை ஓரமாகச் சேர்த்துக் கட்டினோம். தூசிக்காக நாங்களே கட்டியிருந்த நெருக்கமான துணியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துண்டை வைத்தோம். அதன்பின்தான் 1000 சுற்றில் எல்லாம் சரிவந்தது. விசிறியை வாங்கியதைவிட வழியைத் திறந்துவிட்டதே அதிகப் பலன் தந்தது என்பது எங்கள் கருத்து. அக்காள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. விசிறி வாங்கிய பணம் அவளுடையது!

கடைசியாக, பின்பக்கத்துச் சிறிய விசிறியின் வேகத்தைப் பயாஸில் 1350ஆகக் குறைத்தோம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குப் பாதியாகத் தோன்றும். மாறாக, ஒரே அளவில் இரையும் இரண்டு விசிறிகளில் ஒன்றை அடியோடு நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். எனவே எது மிகுதியாக இரைகிறதோ அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

பாட்டியின் நாற்காலியில் கைப்பேசியை வைத்து அளந்தோம். முன்பு 47 டெசிபல், இப்போது 36. கைப்பேசி துல்லியமான கருவியன்று. ஆனாலும் ஒரே இடத்தில் ஒரே கைப்பேசியால் அளந்ததால் வித்தியாசத்தை நம்பலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு இரவு நேர வரம்பாக 45 டெசிபலை வைத்துள்ளன. அது தெருவுக்குச் சொன்னது. எங்கள் வீட்டுக் கூடம் அதைத் தாண்டியிருந்தது!

அன்று இரவு அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாட்டி கருவியைக் கழற்றவில்லை. சற்று நேரம் கழித்து, "ஏன் கண்ணு, சுவர்க் கடிகாரம் எப்பவுமே இப்படித்தான் அடிச்சுக்குமா?" என்று கேட்டார்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் விசிறி இன்னும் லேசாக முனகுகிறது. அதை நாங்கள் தொடவில்லை. தோழியரும் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபின்னும் அதன் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். காப்பிப் பழம் களத்தில் காயும் மாதங்களில் தூசி அதிகம் என்பதால், கொசுவலைத் துண்டை மட்டும் மாதம் இருமுறை கழற்றி உதறிப் போடுகிறோம். அது தங்கையின் வேலை, அதாவது என் வேலை.