செதில் உதிரும் தோலும் டி செல்களின் செய்தியும்

முழங்கையில் வெள்ளிச் செதில்கள் படிந்த சிவந்த தடிப்போடு ஒரு மாணவர் வகுப்புக்கு வந்தால், அருகில் அமர மற்ற குழந்தைகள் தயங்குகிறார்கள். படர்தாமரை என்று எண்ணிப் பெற்றோரும் அஞ்சுகிறார்கள். சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. ஏன் அல்ல என்று விளக்க, பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலின் நோய்த்தடைக்காப்பியல் பாடமே போதும்.

செங்கல் சுவரிலிருந்து தொடங்கலாம். மேல்தோலின் அடியில் பிறக்கும் கெரட்டினோசைட் செல் மெல்ல மேலேறி, உட்கருவை இழந்து, கெட்டிப்பட்டு உதிர ஏறத்தாழ 4 வாரங்கள் ஆகும். சொரியாசிஸில் இந்தப் பயணம் சில நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. உட்கரு நீங்காமலே செல்கள் மேலே வந்து அடுக்கடுக்காக ஒட்டிக் கிடக்கின்றன. சூளையில் வேகாத பச்சைச் செங்கல்லை அடுக்கியதைப் போல.

அவசரப்படுத்துவது எது? பிறருக்குத் தாவும் கிருமி அல்ல. தோலிலுள்ள டென்ட்ரிட்டிக் செல்கள் இன்டர்லூக்கின்-23 என்ற சைட்டோகைனைச் சுரக்கின்றன. அது ஒரு வகை டி செல்களைத் தூண்ட, அவை இன்டர்லூக்கின்-17ஐ வெளிவிடுகின்றன. அதைப் பெற்ற கெரட்டினோசைட்டுகள் வேகமாகப் பெருகுவதோடு, மேலும் வெள்ளணுக்களை அழைக்கும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. வந்தவை மறுபடி தூண்டுகின்றன. கரும்பலகையில் இதை நேர்கோடாக வரையாமல் வட்டமாகவே வரையுங்கள். மாணவர்கள் குழம்புமிடம் இதுதான்.

இதே சைட்டோகைன்கள் மூட்டிலும் குடலிலும் அழற்சியை உண்டாக்குகின்றன. ஆனால் இன்டர்லூக்கின்-23ஐத் தடுக்கும் மருந்துகள் சொரியாசிஸுக்கும் குரோன் எனும் குடல் நோய்க்கும் உதவ, 17ஐத் தடுப்பவை குரோன் நோயை மோசமாக்கக்கூடும். குடற்சுவரைக் காப்பதில் 17க்கும் பங்கு உண்டு. ஒரு மூலக்கூறுக்கு ஒரே வேலை என்று நடத்தினால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வோம்.

வட்டத்தை வேறு இடத்திலும் வெட்டலாம். பெங்களூரின் பயோகான் நிறுவனம் கொண்டுவந்த இடோலிசுமாப் என்ற எதிர்ப்பொருள், டி செல்லின் மேலுள்ள சிடி6 புரதத்தைப் பற்றித் தூண்டலைத் தணிக்கிறது. 2013இல் இந்தியாவில் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்ற அதே மருந்துக்கு, 2020இல் கோவிட் நோயாளிகளின் சைட்டோகைன் மிகைச் சுரப்புக்காக அவசரகால அனுமதி கிடைத்தது.

மயிலாப்பூர் கச்சேரி சாலையின் நாட்டு மருந்துக் கடையிலும் இப்பாடத்துக்கு ஒரு பொருள் உண்டு. குளியல்பொடிக்கு வாங்கும் கார்போக அரிசியில் சோரலன் இருக்கிறது. புறஊதா ஒளி பட்டதும் அது டிஎன்ஏவுடன் பிணைந்து செல் பெருக்கத்தைத் தடுக்கிறது. மருத்துவர்கள் அளந்து தரும் ஒளி சிகிச்சையின் அடிப்படை இதுவே. அதற்காக அரைத்துப் பூசிக்கொண்டு சென்னை வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்பளிக்கும். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சி வந்த சில வாரங்களில், சில குழந்தைகளின் உடலில் நீர்த்துளி அளவில் தடிப்புகள் தோன்றலாம். அண்மையில் தொண்டை வலி வந்ததா என்று பெற்றோரிடம் கேட்டு, அதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். குழந்தையின் இருக்கையை மாற்ற வேண்டியதில்லை. விளையாட்டில் முட்டி சிராய்த்தால் மட்டும் சற்றுக் கவனம் தேவை. காயம்பட்ட இடத்திலேயே புதிய தடிப்பு எழக்கூடும்.