களத்தைப் பலகையில் வரைந்தவர்

நுழையும்முன்

சதுரங்கத்தில் இரு தரப்புக்கும் 16 காய்கள். 64 கட்டங்களும் ஒரே தன்மையுடையவை. ஆடுபுலி ஆட்டத்திலோ 3 புலிகளை எதிர்த்து 15 ஆடுகள் நிற்கும். இவற்றை ஆடி மகிழும் நாம், ஆட்டத்தை உருவாக்கியவர் பட்ட பாட்டை நினைப்பதில்லை. புதிய போர் உத்தி ஆட்டம் ஒன்றைப் படைக்க முயன்ற ஓர் இளைஞர் எதிர்கொண்ட இடர்களை இப்பாடத்தில் காண்போம்.

தேவையே தொடக்கம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்தவர் சார்லஸ் எஸ். ராபர்ட்ஸ். 1930ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையில் படைவீரராகப் பணியாற்றினார். பின்னர்ப் படை அதிகாரி ஆவதற்குக் காத்திருந்த காலத்தில் அவர் மனத்தில் ஒரு வினா எழுந்தது. மருத்துவர் நோயாளிகளைக் கண்டு பழகுகிறார். வழக்கறிஞர் வழக்குகளை நடத்திப் பழகுகிறார். படை நடத்துவோர் எதைக் கொண்டு பழகுவது? போர்க்களத்தில் செய்யும் பிழைக்கு விலை மனித உயிர் அன்றோ! பலகையில் செய்யும் பிழைக்கோ சில அட்டைத் துண்டுகளே விலை. ஆகவே, பலகையில் போரிட்டுப் பழக அவர் விரும்பினார். அதற்கேற்ற ஆட்டம் கடைகளில் கிடைக்கவில்லை. தாமே ஒன்றை உருவாக்க 1952ஆம் ஆண்டில் முனைந்தார்.

ஆட்டம் படைக்கும் கலையை அவர் எவரிடமும் கற்றவரல்லர். எனவே, ஒவ்வொரு சிக்கலுக்கும் தாமே விடை தேட வேண்டியிருந்தது.

முதல் இடர்: நகர்வு

சதுரங்கத்தில் பொதுவாக ஒரு முறைக்கு ஒரு காயையே நகர்த்த இயலும். உண்மைப் போரிலோ பல படைப்பிரிவுகள் ஒரே வேளையில் நகர்கின்றன. ஆதலால், தம் முறை வரும்போது ஒருவர் விரும்பிய காய்கள் அனைத்தையும் நகர்த்தலாம் என ராபர்ட்ஸ் விதி வகுத்தார். நிலமும் ஒரே தன்மையுடையதாக இருத்தல் கூடாது. சாலையில் விரைவாகச் செல்லும் படை, மலையிலும் காட்டிலும் அவ்வாறு செல்ல இயலாது. எனவே, மலை, காடு, ஆறு, நகரம், சாலை ஆகியவை பலகையில் இடம்பெற்றன.

இரண்டாம் இடர்: வெற்றியும் தோல்வியும்

சதுரங்கத்தில் தாக்கும் காய் எப்போதும் வெல்லும். சிறு சிப்பாயும் அரசியை வெட்டி வீழ்த்தலாம். போரில் அவ்வாறு உறுதியாகக் கூற முடியாது. அதே வேளையில், அனைத்தையும் பகடையிடம் விட்டுவிட்டால் ஆடுபவரின் அறிவுக்கு இடமே இல்லாமல் போகும்.

ராபர்ட்ஸ் இரண்டையும் இணைத்தார். ஒவ்வொரு படைக்கும் ஒரு வலிமை எண் தந்தார். தாக்குவோர் வலிமை 6, காப்போர் வலிமை 2 எனில் விகிதம் 3:1 ஆகும். பின்பு பகடை உருட்ட வேண்டும். விகிதமும் பகடை எண்ணும் சந்திக்கும் இடத்தில் அட்டவணை முடிவைக் கூறும். ஒரு படை அழியலாம், பின்வாங்கலாம், இரு தரப்பும் இழப்பைப் பகிரலாம். விகிதம் உயர உயர வெற்றி வாய்ப்பும் உயரும். ஆகவே, சிந்தித்துப் படைகளை ஒன்றுதிரட்டுபவருக்குப் பகடையும் பெரும்பாலும் துணைநிற்கும்.

மூன்றாம் இடர்: விற்பனை

'டாக்டிக்ஸ்' என்னும் அவ்வாட்டம் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. ராபர்ட்ஸ் அதனை அஞ்சல் வழியே விற்றார். சில ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பெட்டிகள் விற்றன. எனினும், வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாயின; கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. அஞ்சலில் ஆட்டத்தைப் பெறுபவருக்கு அருகிலிருந்து விளக்க எவரும் இல்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். எழுதப்பட்ட விதி ஒன்றே ஆசிரியர். அதில் ஒரு சொல் இரு பொருள் தந்தாலும் ஆடுவோரிடையே பூசல் எழும். ஆகவே, ஆட்டம் படைப்பவருக்குத் தெளிவாக எழுதும் திறனும் வேண்டும்.

நான்காம் இடர்: வரலாறு

1958ஆம் ஆண்டு அவர் அவலான் ஹில் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு 'கெட்டிஸ்பர்க்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1 முதல் 3 வரை நிகழ்ந்த சமரே அதன் களம். இங்கே புதியதோர் இடர் தோன்றியது. வரலாற்றில் தென்மாநிலப் படை தோற்றது. ஆட்டத்திலும் அதுவே எப்போதும் தோற்குமாயின் அத்தரப்பில் ஆட எவர் முன்வருவர்? வரலாற்றை மாற்றிவிட்டாலோ அது கெட்டிஸ்பர்க் ஆகாது. எனவே, படைகள் உண்மையில் களத்துக்கு வந்த நேரத்தையும் வழியையும் ஒட்டியே காய்கள் பலகைக்குள் நுழைந்தன. அதன்பின் நிகழ்வதை ஆடுவோரின் முடிவுகளுக்கு விட்டுவிட்டார்.

ஐந்தாம் இடர்: கட்டத்தின் வடிவம்

சதுரக் கட்டத்தில் ஒரு குறை உண்டு. கட்டத்தின் பக்கம் 1 செ.மீ. எனக் கொள்வோம். நேராகப் 10 கட்டம் செல்லும் காய் 10 செ.மீ. கடக்கும், மூலைவிட்டமாகப் 10 கட்டம் செல்லும் காயோ ஏறத்தாழ 14 செ.மீ. கடக்கும். குறுக்கே செல்பவருக்கு இது வேண்டாத ஆதாயம் அன்றோ! ராண்ட் என்னும் ஆய்வு நிறுவனத்தின் படம் ஒன்றில் அறுகோணக் கட்டங்களைக் கண்ட ராபர்ட்ஸ், அதன் பயனை உடனே உணர்ந்தார். தேனடையில் நாம் காணும் வடிவமே அது. அறுகோணத்தின் மையத்திலிருந்து அண்டையிலுள்ள ஆறு கட்டங்களின் மையங்களும் சம தொலைவில் உள்ளன. 1961இல் அவர் நிறுவனத்தின் ஆட்டங்களில் அறுகோணம் இடம்பெற்றது. தம் பழைய முறையை விட்டுக்கொடுக்க அவர் தயங்கவில்லை.

நிலைத்த பயன்

1963ஆம் ஆண்டு கடன் சுமையால் ராபர்ட்ஸ் தம் நிறுவனத்தைப் பிறரிடம் விட்டு விலக நேர்ந்தது. பிற்காலத்தில் அவர் இரயில்வே வரலாறு பற்றிய நூல்களை எழுதினார், 2010இல் மறைந்தார். ஆனால், அவர் விட்டுச்சென்ற நிறுவனம் 1998 வரை தொடர்ந்து ஆட்டங்களை வெளியிட்டது. சிறந்த போர் உத்தி ஆட்டங்களுக்கு இன்று அவர் பெயராலேயே விருது வழங்கப்படுகிறது. கணினியில் அறுகோணக் கட்டங்களின்மேல் படை நடத்தும் சிறார் பலரும், அவர் அமைத்த பாதையில்தான் நடக்கின்றனர். நிறுவனம் கைவிட்டுப் போயிற்று. அவர் கண்டறிந்த விடைகள் போகவில்லை.

சொல்லும் பொருளும்

இடர் – துன்பம், தடை
சமர் – போர்
பூசல் – சண்டை, சச்சரவு
ஆதாயம் – பயன், இலாபம்
அண்டை – பக்கத்தில் உள்ள இடம்

மதிப்பீடு

1. ராபர்ட்ஸ் புதிய ஆட்டத்தை உருவாக்க முனைந்தது ஏன்?
2. பகடையை மட்டும் நம்பினால் ஆட்டத்தில் விளையும் குறை யாது?
3. தாக்குவோர் வலிமை 12, காப்போர் வலிமை 4. விகிதம் என்ன?
4. அறுகோணக் கட்டம் சதுரக் கட்டத்தைவிட எவ்வகையில் சிறந்தது?
5. பிரித்து எழுதுக: போர்க்களம், படைப்பிரிவு, தேனடை.
6. 'நிறுவனம் கைவிட்டுப் போயிற்று. அவர் கண்டறிந்த விடைகள் போகவில்லை.' இத்தொடரை உம் சொற்களில் விளக்குக.

செயல்பாடு

உம் வீட்டுப் பெரியோரிடம் ஆடுபுலி ஆட்டத்தின் விதிகளைக் கேட்டுப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக. அவ்வாட்டத்தை அறியாத நண்பர் ஒருவரிடம் அதனைக் கொடுத்து ஆடச் செய்க. இடையில் நீர் எதுவும் விளக்குதல் கூடாது. அவர் தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு, அவ்வரிகளைத் திருத்தி எழுதுக.