விழுங்கும் கேமரா பிறந்த கதை

கேள்வி: பெருங்குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க, விழுங்கும் கேமரா வந்திருக்கிறதாமே! முதலில் செய்தவர் யார்? நம் ஊர் கிளினிக்கில் கேட்கலாமா?
— தோட்டத்து வாசகி, லுக்குட், போர்டிக்சன்

பதில்: ஏவுகணைக்குக் கண் செய்துகொண்டிருந்தவர் செய்தது. இஸ்ரேலின் ரஃபேல் ஆயுத நிறுவனப் பொறியாளர் கவ்ரியேல் இடான், 1981-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தங்கியிருந்தபோது எய்தான் ஸ்காப்பா என்ற குடல் மருத்துவருடன் பழகினார். உள்ளே பார்க்கும் குழாயை எந்தப் பக்கம் விட்டாலும் சிறுகுடலின் பெரும்பகுதி எட்டுவதில்லை என்று அந்த மருத்துவர் குறைப்பட்டார். கேமராவை மட்டும் தனியே அனுப்பினால் என்ன என்ற யோசனை அங்கே முளைத்தது.

அன்றைய கேமராச் சில்லுகளுக்கு மின்கலம் நெடுநேரம் தாங்கவில்லை. 1990-களில் நாசா ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசம் குழு உருவாக்கிய, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லு வந்த பிறகே வழி பிறந்தது. லண்டனில் இதே முயற்சியில் இருந்த மருத்துவர் பால் ஸ்வெய்னும் இடானுடன் சேர்ந்தார். 1999 அக்டோபரில் ஸ்வெய்ன் அந்தக் கேமரா மாத்திரையைத் தாமே விழுங்கினார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தம் உடம்பையே கொடுத்த மனிதர்!

2001-இல் அமெரிக்கா அனுமதித்தது சிறுகுடலுக்குத்தான். பெருங்குடல் அகலமானது, உள்ளே மாத்திரை புரண்டு, ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது மறுபக்கத்தைத் தவறவிடும். ஆகவே 2006-இல் வந்த பெருங்குடல் மாத்திரைக்கு இரு முனையிலும் கேமரா வைத்தார்கள். படங்களை இடுப்பில் கட்டிய பெட்டி வாங்கிக்கொள்ளும். மாத்திரை மலத்தோடு போய்விடும். பேதி மருந்து குடிப்பதிலிருந்து மட்டும் தப்ப முடியாது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்து 2021-இல் 11,000 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியது. ஆனாலும் மாத்திரை பார்க்கும், வெட்டாது. பாலிப் என்னும் சதை வளர்ச்சி தெரிந்தால் அதை அகற்ற, பெருங்குடலுக்குள் குழாய் விடும் கொலோனோஸ்கோப்பிதான் வேண்டும்.

ஆகவே நீங்கள் அரசாங்க கிளினிக்கில் கேட்க வேண்டியது மாத்திரை அல்ல, ஐஎஃப்ஓபிடி என்ற மலச் சோதனை. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் அது காட்டிவிடும். அறிகுறி இல்லாத, 50 முதல் 75 வயதுவரை உள்ளவர்களுக்கானது. இரத்தம் இருந்தால் கொலோனோஸ்கோப்பிக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். லிங்கி, சிலியாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த நம் பெரியவர்கள் கூச்சத்தால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூடப் போக ஒரு பிள்ளை இருந்தால் போதும், கூச்சம் பாதி குறையும். மலத்தில் இரத்தம் கண்ணுக்கே தெரிந்தால், மூலம்தான் என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்கிக்கொண்டிருக்காமல், சோதனைக்கும் காத்திராமல், நேரே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.