ஜவ்வாது மலையில் சுட்ட கொத்துக்கறி: சத்துக் கணக்குடன் முழுமையான வழிகாட்டி

ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் தங்கப் போகிறோம், மாலையில் பார்பெக்யூ போடலாம் என்று ஆசை. நான்கு பேருக்கு, வயிற்றுக்கும் நல்லதாக, நாமே செய்துவிடலாம்.

எந்தக் கறி?

வெள்ளாட்டுத் தொடைக்கறி. நூறு கிராம் பச்சைக் கறியில் சுமார் 20 கிராம் புரதம் உண்டு, கொழுப்பு குறைவு. அரைக் கிலோ வாங்கினால் ஆளுக்கு 25 கிராம் புரதம் வரும். 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு நாள் தேவையில் அது பாதி. எளிதில் உடலில் சேரும் இரும்புச்சத்தும், பி12 வைட்டமினும் கூடவே கிடைக்கும்.

கண்ணெதிரே கொத்தி வாங்குவோம். மலையேறும்வரை ஐஸ் பெட்டியில் இருக்கட்டும்.

மசாலாவில்தான் விஷயம்

கடை பார்பெக்யூ சாஸ் இரண்டு மேசைக்கரண்டியிலேயே பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், உப்பு தனி. நமக்கு அது வேண்டாம். இனிப்பும் புளிப்பும் இந்த மலையிலேயே விளைகின்றன. கெட்டியான புளிக்கரைசல், இரண்டு தேக்கரண்டித் தேன், மிளகாய்த்தூள் கலந்து வைப்போம். தேனிலிருந்து ஆளுக்கு மூன்று கிராம் சர்க்கரைகூட வராது.

கறியில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகுத்தூள், கொத்தமல்லித்தழை, பிடிக்கப் பொட்டுக்கடலை மாவு, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு சேர்த்துப் பிசைவோம்.

சுடும் வரிசை

கரி சாம்பல் பூக்கும்வரை காத்திருப்போம். கறியைத் தட்டையாகத் தட்டி, எண்ணெய் தடவிய கம்பியில் வைத்து, அடிக்கடி திருப்புவோம். தேன் கலவையைக் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் தடவ வேண்டும். முன்பே தடவினால் கருகும்.

எதோடு சாப்பிடுவது?

கறியில் நார்ச்சத்து துளியும் இல்லை. அந்தக் குறையை மலையாளிப் பழங்குடி மக்கள் இங்கே விளைவிக்கும் சாமை தீர்க்கும். ஆளுக்கு 50 கிராம் சாமையைச் சோறாக்கி, வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்தால் முழுச் சாப்பாடு.

எவ்வளவு ஆகும்?

கறிக்கு 400 முதல் 500 ரூபாய். மற்றதெல்லாம் சேர்த்தாலும் அதில் பாதியைத் தாண்டாது.

கவனம்

முழுத்துண்டில் கிருமி மேற்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடும். அதனால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகையும் கருகிய பகுதியும் உடம்புக்கு ஆகாதவை. கருகியதை வெட்டி எறிவோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது.

அடுப்பைத் தங்குமிட முற்றத்தில் மட்டும் மூட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் நெருப்பு வைப்பது சட்டப்படி குற்றம். கிளம்புமுன் கரியில் தண்ணீர் ஊற்றி, முழுவதும் அணைந்ததா என்று பார்த்துவிடுங்கள்.