இன்ஷியலில் சிக்கிய கேஒய்சி

கேள்வி: தேர்வில் தேறினால் வர்த்தக லாபத்தில் பங்கு தரும் வெளிநாட்டு ப்ராப் டிரேடிங் நிறுவனம் ஒன்றில் கட்டணம் கட்டி, இரண்டு கட்டத் தேர்விலும் தேறிவிட்டேன். ஆனால் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பில் பாஸ்போர்ட்டை நிராகரிக்கிறார்கள். பதிவு செய்தபோது ஆதாரில் உள்ளபடி இன்ஷியலோடு பெயர் கொடுத்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. அண்ணன் பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அண்ணன் பெயரில் வேண்டவே வேண்டாம். ஒருவர் கணக்கை இன்னொருவர் இயக்குவதை இத்தகைய நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஒரே கணினி, ஒரே இணைய இணைப்பு என்று தெரிந்தால் இரண்டு கணக்கும் போய்விடும். இப்போது உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் அதோடு போய்விடும்.

உங்களுடையது நம் ஊரில் பலருக்கும் வரும் சிக்கல்தான். பாஸ்போர்ட்டில் புகைப்படப் பக்கத்தின் அடியில், அம்புமுனை போன்ற குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். சரிபார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் அவற்றைத்தான் படிக்கும். அங்கே குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் அடுத்து. நீங்கள் பதிந்ததோ ஒற்றை எழுத்து இன்ஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று மென்பொருளுக்குத் தெரியாது. படத்தில் அந்த வரிகள் வெட்டுப்பட்டாலோ, அவற்றின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளிச்சிட்டாலோகூட நிராகரிப்பு வரும். பகல் வெளிச்சத்தில், நான்கு மூலையும் தெரிய மறுபடி எடுங்கள். படத்தில் எதையும் திருத்தாதீர்கள்.

அடுத்து, கணக்கில் உள்ள பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றித் தரச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்ஷியல் அப்பா பெயரின் முதலெழுத்து என்று விளக்குங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தையும் இணையுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம், ஆனாலும் பலன் தரக்கூடிய வழி இதுதான். வங்கிக் கணக்கிலும் இன்ஷியல்தான் என்றால் பணம் வரும் நேரத்தில் இதே தடை வரலாம். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புங்கள். 'சரிபார்ப்புக் கட்டணம்' கேட்டால் கட்டாதீர்கள், அது மோசடி.

கட்டணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, ஆள் யார் என்பதைத் தேறிய பிறகு சோதிப்பது நியாயமே இல்லை. கேஒய்சி முடிந்தாலும் பணம் உறுதி என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பான சிஎஃப்டிசி வழக்குத் தொடுத்ததும் மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்ற ப்ராப் நிறுவனத்தின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2025-இல் வழக்கு தள்ளுபடியானது. இடையில் டிரேடர்கள் பணம் கிடைக்காமல் தவித்தார்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் முன் இதையும் கவனியுங்கள்: வெளிநாட்டு அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்கு மார்ஜின் (முன்வைப்பு) பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருவதில்லை. அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் அது 2022 முதல் வெளியிட்டு வருகிறது. அதைப் பார்த்து, ஒரு பட்டயக் கணக்காளரிடமும் கேட்டுவிட்டு, அதன் பிறகே அடுத்த கட்டணத்தைப் பற்றி யோசியுங்கள்.