அளவறிந்து வாங்குவோம்

இல்லறம் இனிது நடைபெற வருவாய் வேண்டும். அவ்வருவாய்க்குள் செலவை அடக்கும் திறமும் வேண்டும். இவ்விரண்டனுள் முன்னதைப் பற்றியே நாம் பெரிதும் கவலை கொள்கின்றோம். பின்னதை மாதத்தின் கடைசி வாரத்தில்தான் நினைக்கின்றோம். முதல் தேதியில் மளிகைக்கென ஒரு தொகையை ஒதுக்காத குடும்பம் அரிது; அத்தொகைக்குள் மாதம் முழுவதையும் நடத்தி முடிக்கும் குடும்பமும் அரிதே. இருபதாம் தேதிக்குமேல் எண்ணெய் தீரும். பருப்பு டப்பாவின் அடி தெரியும். கடையில் பற்று எழுதத் தொடங்குவோம். அடுத்த சம்பளத்தில் அப்பற்றைத் தீர்த்தபின் எஞ்சுவது முன்னினும் குறைவாதலின், அம்மாதம் பதினைந்தாம் தேதியிலேயே முடை தோன்றும். இவ்வாறு ஒரு மாதத்துக் குறை மறுமாதத்துக் கடனாகத் தொடர்வதையும், அதன் பொருட்டு வீட்டில் ஒருவரையொருவர் நொந்துகொள்வதையும் காண்கின்றோம். ஆதலின், ஒதுக்கிய தொகைக்குள் நிற்பது எங்ஙனம் என்பதை இங்கு ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

தொகை ஏன் போதுவதில்லை?

நம்மில் பெரும்பாலோர் "இம்மாதம் மளிகைக்கு இவ்வளவு ரூபாய்" என்று பணத்தை வரையறுக்கின்றோம். "இவ்வளவு கிலோ" என்று பொருளை வரையறுப்பதில்லை. விலையோ நம் ஆட்சிக்கு உட்பட்டதன்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்தது. தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் அதனை 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரி உயர்ந்தது. எண்ணெய் விலையும் உயர்ந்தது. நம் நாட்டின் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் அயல்நாடுகளிலிருந்து வருவதால் நேர்ந்த விளைவு அது. இத்தகைய மாற்றங்களை எந்த இல்லத்தரசியும் தடுக்க இயலாது. நம் கையில் இருப்பது அளவு ஒன்றே. அளவை முதலில் வகுத்து, அதற்குரிய தொகையைப் பின்னர் காண்பதே முறை. அளவு வகுக்காமல் தொகையை மட்டும் வகுப்பது, கரை கட்டாமல் ஏரியில் நீர் தேக்க முயல்வதை ஒக்கும்.

இஃது நமக்குப் புதிய கருத்தன்று. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்றாகப் போகோபபோக பரிமாணத்தைக் கூறுகின்றது. ஒருமுறை நுகர்ந்து தீரும் உணவு முதலியன போகம். மீண்டும் மீண்டும் பயன்படும் ஆடை முதலியன உபபோகம். இவற்றுக்கு வரையறை செய்துகொள்ளும் கால எல்லைகளாக ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு மாதம், ஒரு பருவம் முதலியவற்றை அந்நூல் எண்ணுகின்றது. அங்கு வரையறுக்கப்படுவது பணமன்று, நுகர்ச்சி என்பதை நாம் உற்று நோக்குதல் வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் முதலிய கொழுப்பு 27 கிராம் என அளவு தந்துள்ளது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு இதனை 30 நாளுக்குப் பெருக்கிக் காண்போம்.

அரிசி, கோதுமை, ரவை, சிறுதானியம் யாவும் சேர்த்து 30 கிலோ. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கடலை யாவும் சேர்த்து 10 கிலோ 200 கிராம். பால் 36 லிட்டர். எண்ணெயும் நெய்யும் சேர்த்து ஏறத்தாழ மூன்றேகால் கிலோ. முழுவதும் எண்ணெயாகவே கொண்டால் லிட்டர்க் கணக்கில் சுமார் மூன்றரை. உப்பு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி, 600 கிராமுக்கு உட்பட்டது.

சிறுவர்க்கு இதனிற் குறையும், உடலுழைப்பாளர்க்கு மிகும். ஆயினும் நம் வீட்டுப் பட்டியலை இதனோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். எண்ணெய் ஆறு லிட்டரும் பருப்பு ஐந்து கிலோவும் வாங்கும் வீட்டில், குறைக்க வேண்டுவது எது, கூட்ட வேண்டுவது எது என்பதைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

அளவு வகுத்தபின் அதனை அடுப்படியிலும் கடைப்பிடித்தல் வேண்டும். நாம் அரிசி அளக்கும் ஆழாக்கும் எண்ணெய் எடுக்கும் கரண்டியும் எத்தனை கிராம், எத்தனை மில்லி கொள்ளும் என்பதை ஒருமுறை நிறுத்தும் அளந்தும் பார்த்து, அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவைத்தல் நன்று.

தொகை எங்கே ஒழுகுகின்றது?

"அரிசி விலை ஏறிவிட்டது, என்ன செய்வது?" என்பது நாம் எங்கும் கேட்கும் சொல். ஆயின் இந்திய அரசின் குடும்பச் செலவு ஆய்வுகள் வேறு செய்தி கூறுகின்றன. 1999-2000இல் மொத்தக் குடும்பச் செலவில் தானியத்திற்குச் சென்ற பங்கு ஊர்ப்புறத்தில் ஏறத்தாழ 22 விழுக்காடு. நகரில் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2022-23இல் அது ஊர்ப்புறத்தில் 5 விழுக்காட்டிற்கும், நகரில் 4 விழுக்காட்டிற்கும் உட்பட்டுவிட்டது. அதே ஆய்வில் பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றிற்கான பங்கு ஊர்ப்புறத்தில் 9 விழுக்காட்டையும் நகரில் 10 விழுக்காட்டையும் கடந்து, உணவுச் செலவினங்களுள் முதலிடம் பெற்றுள்ளது.

இதன் பொருள் யாது? பட்டியல் எழுதி வாங்கும் பொருளினும், பட்டியலில் இடம்பெறாமல் வாங்கும் பொருளே தொகையை உண்கின்றது. மாலையில் ஒரு பிஸ்கட் பொட்டலம், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு குளிர்பானம், விருந்தினர்க்கென அரைக்கிலோ மிக்சர் என நாளொன்றுக்கு 40 ரூபாய் சென்றால், மாதத்திற்கு 1,200 ரூபாய். உணவுக்கு 12,000 ரூபாய் ஒதுக்கும் குடும்பத்தில் இது பத்தில் ஒரு பங்கு. கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி வந்தபின், பணப்பை மெலிவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பகுத்து வைத்தல்

கணக்கு விளங்குதற்பொருட்டு, மேற்கூறிய 12,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். மளிகைக்கு 5,500, பாலுக்கு 2,500, காய்கனிக்கு 2,800, பட்டியலுக்குப் புறம்பான சில்லறைச் செலவுக்கு 700, ஒதுக்கு 500. இவை ஓர் எடுத்துக்காட்டே. அவரவர் ஊர் விலைக்கும் குடும்பத்திற்கும் ஏற்பத் தொகைகள் மாறும். ஐந்து பகுதிகளும் தனித்தனியே இருத்தல் வேண்டும் என்பதே இங்குக் கருத்து.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. காய்கனித் தொகையை நான்காகப் பகுத்து வாரத்திற்கு 700 எனக் கொள்வது பலருடைய வழக்கம். ஆயின் நான்கு வாரம் என்பது 28 நாளே. எஞ்சிய இரண்டு மூன்று நாட்களுக்குப் பணமில்லாமையே மாதக் கடைசி முடைக்கு ஒரு காரணமாகின்றது. வாரத்திற்கு 650 எனக் கொண்டால் நான்கு வாரத்திற்கு 2,600 ஆகும். மீதமுள்ள 200 கடைசி நாட்களைக் காக்கும்.

சில்லறைச் செலவுக்குரிய தொகையை முதல் தேதியிலேயே ரொக்கமாக ஒரு டப்பாவில் இட்டுவைத்தல் நலம். அது தீர்ந்தால் அம்மாதத்துச் சில்லறைச் செலவும் தீர்ந்தது. ஒதுக்கு என்பது விருந்தினர் வருகைக்கும் எதிர்பாராத விலையேற்றத்திற்கும் உரியது. செலவாகாதபோது அது பண்டிகை மாதத்திற்குச் சேரும்.

கடையில் கருத வேண்டுவன

முதலாவதாக, பட்டியல் எழுதுமுன் இருப்பைப் பார்த்தல் வேண்டும். இருக்கும் பொருளை மீண்டும் வாங்குவதால் பணம் முடங்கும். அதனினும் பெரிய தீங்கும் ஒன்றுண்டு. மிகையாகச் சேர்த்த பருப்பிலும் மாவிலும் வண்டும் புழுவும் தோன்றும். பின்னர் அப்பொருளை எறிவதும், அவ்வுயிர்கள் மடிவதும் நேர்கின்றன. அளவாக வாங்குவது பொருளைக் காப்பதோடு உயிரையும் காக்கின்றது.

இரண்டாவதாக, பொட்டலத்தின் விலையை மட்டும் நோக்காது, எடையையும் நோக்குதல் வேண்டும். பிஸ்கட், தேயிலை போன்ற பல பொருள்களை வரையறுத்த எடைகளிலேயே அடைக்க வேண்டும் என்றிருந்த பழைய விதி, 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நீங்கியது. விலை மாறாமல் எடை குறைவதற்கு இஃது இடந்தரும். அதே திருத்தம், ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தின்மீது அச்சிடப் பணித்தது. இரண்டு பொட்டலங்களை ஒப்பிட அவ்வலகு விலையே உரிய கருவி. எண்ணெய் வாங்குவோர், ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ ஆகாது, சுமார் 910 கிராமே என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவதாக, "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்னும் அறிவிப்பு நம் பட்டியலிலுள்ள பொருளுக்கும் அளவுக்கும் பொருந்தினால் மட்டுமே நமக்கு ஆதாயம். தேவையில்லாத பொருளைப் பாதி விலைக்கு வாங்கினாலும், அப்பாதி விலை முழுதும் நட்டமே.

நான்காவதாக, புளி, மிளகாய் போன்றவற்றை அவை புதிதாக வரும் மாசி, பங்குனியில் ஆண்டுத் தேவைக்கு வாங்கி, நன்கு உலர்த்திக் காப்பது நம் முன்னோர் வழக்கம். இடமும் காக்கும் வசதியும் உடையோர் அதனைப் பின்பற்றலாம். அச்செலவை ஒரே மாதத்தின் தலையில் சுமத்தாமல், முன்னரே மாதந்தோறும் சிறிது சேர்த்துவைத்தல் வேண்டும்.

குறைக்கத் தகாதவை

முடை வரும்போது எதைக் குறைக்கின்றோம் என்பதே இப்பாடத்தின் உயிர்நிலை. மிகப் பல இல்லங்களில் முதலில் நீர்த்துப்போவது சாம்பார். அடுத்துக் குறைவது பால். பிஸ்கட்டும் நொறுக்குத்தீனியும் நிற்பதில்லை. புலால் உண்ணாத நமக்குப் புரதம் தருவனவற்றுள் சிறந்தவை பருப்பும் பாலும். வளரும் பிள்ளைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், முதியோர்க்கும் இவற்றைக் குறைப்பது சிக்கனமன்று. பின்னர் மருத்துவச் செலவாகத் திரும்பி வரும் கடன். எல்லோர்க்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்ணும் தாயே இக்குறையை முதலில் சுமக்கின்றாள் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவ்வாறே தானத்திற்கும் விருந்துக்கும் உரிய சிறு பங்கையும் முதலிலேயே எடுத்துவைத்தல் வேண்டும். எஞ்சினால் கொடுப்போம் என்றிருப்பின், எஞ்சும் நாள் வாராது.

இல்லத்தில் செய்து பார்க்க

முதல் மாதம்: எதையும் குறைக்க முயலாமல், வாங்குவன அனைத்தையும் அளவோடும் விலையோடும் அன்றன்றே எழுதுக. ஐந்து ரூபாய்க்கு வாங்கியதையும் விடற்க.

இரண்டாம் மாதம்: பட்டியலில் உள்ளவை, பட்டியலுக்குப் புறம்பானவை என அக்கணக்கை இருகூறாக்கிக் கூட்டுக. மேற்கூறிய அளவுகளோடு ஒப்பிட்டு, நம் குடும்பத்திற்குரிய அளவை எழுதி, அதற்குத் தொகை காண்க.

மூன்றாம் மாதம்: அவ்வளவின்படி நடந்து, பத்தாம் தேதியும் இருபதாம் தேதியும் இருப்பைச் சரிபார்க்க. இருபதாம் தேதியில் மூன்றில் ஒரு பங்குப் பொருள் எஞ்சியிருப்பின் கணக்கு சரியான வழியில் செல்கின்றது எனக் கொள்க.

இம்மூன்று மாதமும் ஈட்டுவோர், வாங்குவோர், சமைப்போர் அனைவரும் மாதம் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து கணக்கைப் பார்த்தல் வேண்டும். விவரமறிந்த பிள்ளைகளையும் உடன் அமர்த்துக. ஒருவர் வாங்கி வந்ததற்கு மற்றொருவர் பழி சுமக்கும் நிலை அப்பொழுதே நீங்கும். அளவு அறிந்த இல்லத்தில் பொருள் குறைவாக இருக்கலாம். குறை கூறுதல் இராது. அந்த அமைதியை வரும் மாதத்து முதல் தேதியிலிருந்தே நம் இல்லங்களில் நிலைநாட்ட முயல்வோமாக.