நாற்பதுக்குப் பின் வரும் அசதி

கிராம சபைக் கூட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்டுவரும் முறையீடு ஒன்று உண்டு. நாற்பது, நாற்பத்தைந்து வயதுடைய உழவர்கள், "முன்போல் வேலை செய்ய இயலவில்லை, பிற்பகலானால் கைகால் ஓய்ந்துவிடுகிறது, வயதாகிவிட்டதல்லவா?" என்கிறார்கள். வயதின்மீது பழியைப் போட்டுவிட்டால் மேற்கொண்டு செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஆனால் இந்த அசதியில் பெரும்பகுதி வயதினால் வந்ததன்று, உணவினாலும் கவனியாத நோயினாலும் வந்தது என்பதே நமது கருத்து.

முன்னர் ஏர் பிடித்து உழுதார்கள், கவலை இறைத்தார்கள். இன்று உழவை டிராக்டரும், நீர் இறைப்பை மின் மோட்டாரும், நடையை மோட்டார் சைக்கிளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இவை வேண்டாமென்று நாம் கூறவில்லை. இவற்றைப் பரப்பியதில் நம் போன்ற அலுவலர்களுக்கும் பங்கு உண்டு. உழைப்பு குறைந்தது, இலையில் குவியும் சோறு மட்டும் பாட்டனார் காலத்து அளவிலேயே இருக்கிறது.

அந்தச் சோற்றின்மேல் சாம்பாரின் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்கிறோம். நூறு கிராம் அரிசியில் புரதம் ஏறக்குறைய 7 கிராம்தான். துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றில் 20 கிராமுக்கு மேல் உண்டு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும். நடுவயதில் தசை சிறிது சிறிதாகக் கரையத் தொடங்குவதால் இதில் குறை வைக்கலாகாது. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அவ்விடத்தில் சுண்டலோ, கெட்டிப் பருப்போ, முட்டையோ வைத்தால் போதும். கம்பும் கேழ்வரகும் நன்றே. எனினும் களியானாலும் அளவு மீறினால் சர்க்கரை ஏறவே செய்யும். சிறுதானியம் என்று பெயரிட்டு விற்கும் பிஸ்கோத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் தாய்மாரின் நிலை இன்னும் கவலைக்குரியது. பருப்பும் காயும் தீர்ந்தபின் அவர்களுக்கு மிஞ்சுவது சோறும் ரசமுமே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் தலைசுற்றலையும் அவர்கள் யாரிடமும் கூறுவதில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது சோகையே. மாதவிடாயில் உதிரப்போக்கு மிகுதியானால் மருத்துவரிடம் காட்டவேண்டும். கீரை, பயறு உண்ணும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

உப்பைப் பற்றிக் கூற நமக்குத் தகுதி வந்ததே அண்மையில்தான். ஒரு மருத்துவ முகாமைத் தொடங்கிவைக்கச் சென்ற நாம், மக்களுக்கு வழிகாட்டுவதாக எண்ணி முதலில் கையை நீட்டினோம். இரத்த அழுத்தம் 160க்கு 100 என்றார் செவிலியர். ஊறுகாயும் அப்பளமும் இன்றி நாம் உண்டதில்லை. நாளொன்றுக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பே அளவு என்பது அன்றுதான் நம் மனத்தில் தைத்தது. இப்போது ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவதில்லை.

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், காலில் பட்ட புண் ஆறாதிருத்தல், இவற்றுடன் அசதியும் இருந்தால் சர்க்கரை நோயா என்று உடனே பார்க்கவேண்டும். மோட்டார் போடுவதற்காக எழுந்ததாலேயே தூக்கம் கெட்டது என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டவர்களை நாம் அறிவோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் ஆடவர் வயலில் இருக்கிறார்கள் என்பதே தொல்லை. ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் சுகாதார ஊழியருடன் கலந்து பேசி, மாதம் ஒரு நாள் விடியற்காலையில் பால் சங்கத்து வாயிலிலேயே சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். பால் ஊற்ற வருவோர் தேநீர் குடிக்காமல் வரவேண்டும் என்று முதல் நாள் மாலையிலேயே தண்டோரா போட்டுவிடுவது நலம்.